சிமெண்டுக்கு வலிக்குமாம்

பஸ் ஏன் இப்படிக் கம்மாய்க்கரை மேல ஆடி ஆடிச் சுத்திப் போகுதுன்னு கண்டக்டர்கிட்ட கேட்டீங்கள்ல, அண்ணாச்சி? அவன் ஒண்ணும் சொல்லாம டிக்கெட்டைக் கிழிச்சுட்டுப் போயிட்டான் பாத்தீங்களா. நான் பக்கத்துல உக்காந்திருக்கேன்ல, அதான் வாயைத் திறக்கலை. நான் சொல்றேன். பாலம் போச்சு. உப்போடைப் பாலம். அதனாலதான் எட்டு கிலோமீட்டர் சுத்து.

எப்படிப் போச்சுன்னு ஊருக்குள்ள கேட்டீங்கன்னா ஒரு கதை சொல்வாங்க. நம்பாதீங்க. நடந்தது எனக்குத்தான் தெரியும். அந்த ரோட்டுக்கு நான்தான் ரோடு இன்ஸ்பெக்டர். அய்யலுசாமின்னு பேரு. ஜன்னலைச் சாத்திக்கோங்க, புழுதி அள்ளிப் போடும்.

அந்தப் பாலம் சாதாரணப் பாலம் இல்லை. மூணு கண் பாலம், ரெண்டு தூண். இருபத்தாறு வருசத்துக்கு முன்னாடி கட்டும்போது நான்தான் கூட நின்னேன். ஒவ்வொரு மூட்டை சிமெண்டும் என் கண்ணு முன்னாடிதான் பிரிச்சாங்க. கம்பி கட்டுனவன் ஒரு முடிச்சு தளர்வாப் போட்டா அவுத்துத் திருப்பிக் கட்ட வைப்பேன். அவ்வளவு சுத்தமான வேலை. அதுமேல ஜல்லி ஏத்துன கிரஷர் லாரி எத்தனை போயிருக்கு, எத்தனை வெள்ளம் வந்திருக்கு. ஒரு கீறல் உண்டா? கிடையாது. அப்படி இருந்த பாலத்துக்கு வந்து சேர்ந்தாங்க அண்ணாச்சி, ரெண்டு ஆராய்ச்சி.

போன ஆடி மாசம். காத்து ஆளைத் தூக்குது. ஒரு வேன்ல நாலஞ்சு பெட்டியோட வந்து இறங்குனாங்க, சென்னைப் பக்கம் ஏதோ பெரிய காலேஜ்ல இருந்து. ஒருத்தர் நாச்சியப்பன். ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கிட்டு, வெயில்ல நின்னா உருகிருவாரு போல. இன்னொண்ணு அந்தம்மா. டாக்டர் ஹெப்சிபா. டாக்டர்னா ஊசி போடுற டாக்டர் இல்லை. படிச்சு வாங்குற டாக்டர். நாப்பது வயசு இருக்கும், குள்ளம், தலையில வயல்ல நாத்து நடுறவங்க போடுற மாதிரி ஒரு தொப்பி. நம்ம நாசரேத் பக்கத்துக்காரவுகதானாம். பேச்சுல தெரிஞ்சுச்சு.

எங்க ஏ.இ., அதான் அசிஸ்டெண்ட் இன்ஜினியர், என்னைக் கூப்பிட்டு, "அய்யலு, இவங்க உங்க பாலத்துல ஒரு புது மெட்டீரியல் பூசிப் பாக்கப் போறாங்க. கூட இருந்து ஒத்தாசை பண்ணுங்க"ன்னாரு.

என்ன மெட்டீரியல்னு பாத்தா, கரி. சத்தியமாச் சொல்றேன், கரிப்பொடி. சிமெண்டுல கரிப்பொடியைக் கலந்து, கன்னங்கரேல்னு ஒரு கூழு. அதைப் பாலத்துக்கு அடியிலயும் தூண்லயும் பட்டை பட்டையாப் பூசுனாங்க. ஒவ்வொரு பட்டைக்கும் ரெண்டு வயரு. வயரெல்லாம் ஒரு பெட்டிக்குப் போகுது. பாலத்துக்கு ரெண்டு பக்கமும் ஒரு கம்பம், கம்பத்துல ஒரு சிவப்பு லைட்டு. இதுக்கு ரெண்டு பேரு, ஒம்பது நாளு.

"இது எதுக்கு மேடம்?"னு கேட்டேன். தெரிஞ்சுக்கிறதுக்கு இல்லை. என்ன சொல்லுதுன்னு பாப்போமேன்னு.

"சார், இந்தச் சிமெண்டு மேல பாரம் ஏறினா அதுக்குள்ள கரண்டு போறது கொஞ்சம் மாறும். அதை அளந்து பாத்தா எங்க எவ்வளவு அழுத்தம்னு நமக்குத் தெரிஞ்சிரும். சுருக்கமாச் சொன்னா, இதுக்கு உணர்ச்சி இருக்கு சார். எங்க வலிக்குதுன்னு அதுவே சொல்லும்."

சிமெண்டுக்கு வலிக்குமாம்! என் ஆளுங்க ஆறு பேரும் மம்பட்டியைக் கீழ போட்டுட்டுச் சிரிக்கிறாங்க. நான் கேட்டேன், "அப்ப தைலம் தேச்சா சரியாயிருமா மேடம்?"

அந்தம்மாவும் சிரிச்சுச்சு. அதான் எனக்குப் பிடிக்கலை. நாம கேலி பண்ணா கோவம் வரணும்ல? சிரிச்சுக்கிட்டே, "தைலத்துக்கும் ஒண்ணு பண்ணிக்கிட்டிருக்கோம் சார். வெடிப்பு விட்டா சூடு காட்டினதும் தானா ஒட்டிக்கிற தாரு. அடுத்த வருசம் உங்க ரோட்டுலயே போட்டுப் பாக்கலாம்"னுச்சு.

தானா ஒட்டிக்கிற தாரு. தானா வலியைச் சொல்ற பாலம். அப்ப அய்யலுசாமி எதுக்கு? வீட்டுல இருந்து வெத்தலை போடவா?

நாச்சியப்பன் இருக்காரே, அவரு காலையில வந்து கருவேல மர நிழல்ல ஸ்டூலைப் போட்டு உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் மடியில கம்ப்யூட்டர். லாரி ஒண்ணு போகும். குனிஞ்சு பாப்பாரு. "முப்பத்தெட்டு டன்"ம்பாரு. இன்னொண்ணு போகும். "நாப்பத்திரெண்டு"ம்பாரு. அட மனுசா, லாரி டயரைப் பாத்தாலே நான் சொல்லிருவேன் எவ்வளவு ஏத்தியிருக்கான்னு. அதுக்குக் கரி எதுக்கு, வயரு எதுக்கு, கம்ப்யூட்டர் எதுக்கு? ஒருநாள் சோதிச்சுப் பாத்தோம். நான் முப்பதுன்னேன், அவரு நாப்பத்தொண்ணுன்னாரு. லாரியை எடைமேடைக்கு அனுப்புனோம். நாப்பத்தொண்ணேகால்னு வந்துச்சு. எடைமேடை சரியில்லை அண்ணாச்சி. அது ரிப்பேரா இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும்.

புரட்டாசி முடிஞ்சு ஐப்பசி மழை ஆரம்பிச்சுச்சு. அவங்க சென்னைக்குப் போயிட்டாங்க. பெட்டி மட்டும் இங்க இருந்து அங்க தகவல் அனுப்பிக்கிட்டு இருந்துச்சு. நான் நிம்மதியா இருந்தேன். ஒருநாள் காலையில பாத்தா அந்தம்மா ஆபீஸ்ல உக்காந்திருக்கு. கையில ஒரு பேப்பர் சுருள். என்னையும் ஏ.இ.யையும் வெச்சுக்கிட்டு விரிச்சுக் காட்டுச்சு.

"சார், இதைப் பாருங்க. ஒரு வண்டி பாலத்துல ஏறினா இந்தக் கோடு மேல போகும். வண்டி இறங்கினதும் கோடு பழைய இடத்துக்கு வந்திரணும். மூணு மாசமா அப்படித்தான் வந்துச்சு. இப்ப ரெண்டாவது தூண்ல கோடு இறங்க மாட்டேங்குது. ஒவ்வொரு வண்டிக்கும் கொஞ்சம் கொஞ்சமா ஏறிக்கிட்டே இருக்கு."

நான் சொன்னேன், "மேடம், கோடு இறங்கலைன்னா இறங்கலை. அதுக்காகப் பாலம் இறங்கிருமா?"

ஏ.இ. சிரிப்பை அடக்கிக்கிட்டாரு. அந்தம்மா இந்தத் தடவை சிரிக்கலை. "இறங்கிக்கிட்டிருக்குன்னுதான் சார் சொல்ல வந்தேன். கனரக வண்டியை உடனே நிறுத்தணும். தூணுக்கு அடியில போய்ப் பாத்தேன். ஒரு ஆள் உயரத்துக்கு மண்ணே இல்லை. யாரோ மணல் அள்ளியிருக்காங்க. மிச்சத்தைத் தண்ணி அரிச்சுக்கிட்டு இருக்கு."

மணல் எந்த ஓடையில அண்ணாச்சி அள்ளலை? அள்ளத்தான் செய்றாங்க. நானும் பாத்திருக்கேன். தினமும்தான் பாத்தேன். ஆனா அது என் வேலை இல்லைல்ல. என் வேலை ரோடு. ரோட்டுக்குக் கீழ என்ன நடக்குதுன்னு பாக்குறதுக்கு வேற ஆபீஸ் இருக்கு, வேற ஆளு இருக்கான். அவன் வேலையில நான் போய் மூக்கை நுழைக்க முடியுமா? அது நாகரிகமா?

ஏ.இ.க்கு ஒரு சந்தேகம். "அய்யலு, நீங்க ஒரு தடவை பாத்து எழுதிக் குடுங்க. நீங்க எழுதுறதை வெச்சு நான் மேல அனுப்புறேன்"னுட்டாரு. அதுதான் மரியாதை. அனுபவத்துக்குக் குடுக்குற மரியாதை. நான் சுத்தியலை எடுத்துக்கிட்டுப் போனேன். ஓடையில முழங்காலுக்குத் தண்ணி. இறங்குனா பேண்ட் நனையும், அதனால முதல் கண்ணுக்குக் கீழ, கரையோரமா நின்னு தட்டிப் பாத்தேன். கணீர்னு சத்தம். கோயில் மணி தோத்துச்சு. வந்து எழுதிட்டேன்: பாலம் நல்ல நிலையில் உள்ளது, போக்குவரத்துக்கு ஏற்றது. கீழ கையெழுத்து, தேதி. அந்தம்மா அதை வாங்கிப் படிச்சுட்டு, "ரெண்டாவது தூண்கிட்ட போனீங்களா சார்?"னு கேட்டுச்சு. "ஒரு பானைக்கு ஒரு இடத்துல தட்டினாப் போதும் மேடம்"னேன். காகிதத்தை மேசையில வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிருச்சு. வேற என்ன செய்யும்?

அதுக்கப்புறம்தான் அந்தச் சிவப்பு லைட்டு. அளவைத் தாண்டினா எரியும்னு வெச்சிருந்தாங்கள்ல, அது எரிய ஆரம்பிச்சிருச்சு. பகல்லயும் எரியுது, ராத்திரியும் எரியுது. எரிஞ்சா எரிஞ்சுட்டுப் போகட்டும். ஆனா ஊருக்காரன் வாயி? ஓடைக்கரையில டீக்கடை வெச்சிருக்காளே ஒச்சம்மா, அவ சொல்றா, "அய்யலண்ணே, உம்ம பாலத்துக்குக் காய்ச்சலாம்ல, நெத்தியில சிவப்பா எரியுது." டீ குடிக்கிறவன் பூராம் சிரிக்கிறான். தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போற பொம்பளைப் பிள்ளைக பாலத்துக்கு இந்தப் பக்கமே பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து போகுதுக. நான் கட்டுன பாலத்துமேல, அண்ணாச்சி! ஒருத்தி செருப்பைக் கையில தூக்கிக்கிட்டு, பாலத்துக்கு வலிச்சிரும்னு மெதுவா நடந்து காட்டுறா. என் முன்னாடியே.

இருபத்தாறு வருசம். என் சம்சாரத்துக்குக் கூட அந்தப் பாலத்தைக் காட்டித்தான், இது நான் கட்டுனதுன்னு கல்யாணமான புதுசுல சொன்னேன். அதைப் போய் நோயாளி ஆக்கிட்டாங்க.

ஒரு செவ்வாக்கிழமை மத்தியானம். ரோட்டுல ஆளு நடமாட்டம் இல்லை. கட்டிங் பிளேயரை எடுத்துட்டுப் போனேன். பெட்டிக்குப் பின்னாடி போற வயரு, விரல் தண்டி. நறுக்னு ஒரே வெட்டு. லைட்டு அணைஞ்சிருச்சு. யாருகிட்டயும் சொல்லிறாதீங்க. நீங்க வெளியூரு, அதான் சொல்றேன். அன்னைக்குச் சாயங்காலம் ஒச்சம்மா, "என்னண்ணே, காய்ச்சல் விட்டுருச்சா?"ன்னா. "ஆமா, குளிச்சுட்டு உக்காந்திருக்கு"ன்னேன். ரெண்டு டீ சேத்துக் குடிச்சேன்.

வியாழக்கிழமை காலையில மழைன்னா மழை, அப்படி ஒரு மழை. எட்டரை மணி பஸ் வர்ற நேரம். நான் டி.வி.எஸ்.ஸுல ரெயின்கோட்டைப் போட்டுக்கிட்டு வர்றேன். பாலத்துக்கிட்ட வந்தா நடு ரோட்டுல அந்தம்மா! தொப்பி இல்லை, குடை இல்லை. ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு நிக்குது. அதுக்கு முன்னாடி பஸ்ஸு. பஸ்ஸுக்குள்ள அறுபது எழுபது பேரு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக, தீப்பெட்டி ஆபீஸ் பொம்பளைக, எல்லாம் தலையை வெளிய நீட்டிப் பாக்குதுக.

என்னன்னா, வயரு அறுந்ததும் சென்னையில கம்ப்யூட்டர்ல ஒண்ணும் வரலை போல. நாச்சியப்பன் பதறிப்போய்ச் சொல்லியிருக்காரு. அந்தம்மா புதன்கிழமை ராத்திரியே ரயிலேறி வந்திருச்சு. வந்து, ஓடைத் தண்ணிக்குள்ள இறங்கி, பட்டையில நேரா மீட்டரை வெச்சுப் பாத்திருக்கு. பாத்துட்டு ஓடி வந்து ரோட்டுல நின்னுருச்சு.

நான் வண்டியை நிறுத்திக் கேட்டேன். "மேடம், பஸ்ஸை மறிக்க உங்களுக்கு யாரு ஆர்டர் குடுத்தா? எழுத்துல இருக்கா?"

"ஆர்டர் அப்புறம் வாங்கித் தர்றேன் சார். பாலம் போயிக்கிட்டிருக்கு. மீட்டர்ல நம்பர் ஓடுது சார், நிக்கவே இல்லை."

டிரைவர் சேர்மக்கனி எனக்குத் தெரிஞ்சவன்தான். அவனைப் பாத்துச் சொன்னேன், "கனி, எடுய்யா வண்டியை. டிபார்ட்மெண்ட்காரன் நான் சொல்றேன், எடு." அவன் என்னைப் பாத்தான், அந்தம்மாவைப் பாத்தான். இஞ்சினை ஆஃப் பண்ணிட்டு சாவியை எடுத்து சட்டைப் பையில போட்டுக்கிட்டான். டிபார்ட்மெண்ட்காரன் பேச்சுக்கு மதிப்பில்லை பாருங்க. மழையில நனைஞ்ச பொம்பளை பேச்சுக்குத்தான் மதிப்பு.

எனக்கு வந்துச்சு கோவம். "இப்பப் பாருங்கய்யா எல்லாரும்"னு டி.வி.எஸ்.ஸை நேரா பாலத்துமேல ஓட்டிக்கிட்டுப் போயி, ரெண்டாவது தூணுக்கு மேல நிறுத்தி, ஸ்டாண்டு போட்டுட்டு இறங்கி, காலால ஓங்கி மிதிச்சேன். ஒரு மிதி. ரெண்டு மிதி. "எங்க வலிக்குது? சொல்லச் சொல்லுங்க!"ன்னு கத்துறேன்.

அந்தம்மா ஓடி வருது. பாலத்துமேலயே ஓடி வருது. வந்து, "சார் வாங்க, சார் வாங்க"ன்னுச்சு. நான் அசையலை. சட்டைக் காலரைப் பிடிச்சு, ரெயின்கோட்டோட சேத்து இழுத்துச்சு பாருங்க. குள்ளமா இருந்தாலும் என்ன பலம்! பொத்தான் மூணு தெறிச்சிருச்சு. எழுபது பேரு முன்னாடி, ஒரு அரசாங்க ஊழியனை, ஆட்டுக்குட்டியை இழுக்குற மாதிரி.

கரைக்கு வந்து நிமிர்றதுக்குள்ள சத்தம் கேட்டுச்சு. டமார்னு எல்லாம் இல்லை. பழைய மரக்கதவைத் திறந்தா வருமே, அந்த மாதிரி. இழுத்துக்கிட்டே ஒரு சத்தம். திரும்பிப் பாத்தேன். நடுக் கண்ணு அப்படியே மண்டி போட்டுச்சு. என் டி.வி.எஸ். ஸ்டாண்டு போட்ட மேனிக்கே வழுக்கிப் போயி ஓடையில விழுந்துச்சு. தண்ணி செம்மண்ணாட்டம் போகுது. வண்டி எங்கன்னே தெரியலை. பஸ்ஸுக்குள்ள ஒரு பிள்ளை அழ ஆரம்பிச்சுச்சு.

அந்தம்மா ரோட்டுலயே உக்காந்திருச்சு. என்னை ஒரு வார்த்தை கேக்கலை. என் சட்டை கிழிஞ்சதுக்கு ஒரு மன்னிப்பு? அதுவும் கேக்கலை. இன்னைக்கு வரைக்கும் கேக்கலை.

இப்ப ஊருல என்ன சொல்றாங்க? அந்தம்மா பஸ்ஸைக் காப்பாத்துச்சாம். அந்தம்மா என்னைக் காப்பாத்துச்சாம். ஒச்சம்மா கடையில அந்தம்மா படத்தைப் பேப்பர்ல இருந்து வெட்டி ஒட்டியிருக்கா. நான் கேக்குறேன், நீங்க நியாயத்தைச் சொல்லுங்க. நான் வயரை வெட்டலைன்னா அந்தம்மா வந்திருக்குமா? சென்னையில உக்காந்து கோட்டைப் பாத்துக்கிட்டுத்தான இருந்திருக்கும்? நான் வெட்டினதாலதான வந்துச்சு? வந்ததாலதான பஸ் நின்னுச்சு? முறையாப் பாத்தா அந்த எழுபது பேரையும் காப்பாத்துனது யாரு? ஆனா இதை வெளிய சொல்ல முடியுதா? முடியலை. நல்லது பண்ணிட்டு வாயை மூடிக்கிட்டு இருக்கேன்.

பாலம் விழுந்தது கூட அந்தக் கரியாலதான்னு எனக்கு ஒரு எண்ணம். இருபத்தாறு வருசம் சும்மா நின்ன பாலம், இவங்க வந்து பூசி நாலே மாசத்துல விழுந்திருச்சே. யாராவது யோசிச்சாங்களா?

போன மாசம் விசாரணை. மதுரையில இருந்து பெரிய ஆபீஸர் வந்தாரு. நான், ஏ.இ., அந்தம்மா, நாச்சியப்பன். மேசைமேல நான் எழுதிக் குடுத்த காகிதம் இருக்கு. அதை அவரு ரெண்டு தடவை படிச்சாரு. அதுக்குப் பக்கத்துல அந்தக் கோடு போட்ட சுருள். அப்புறம் கேட்டாரு, "எச்சரிக்கை லைட்டு செவ்வாக்கிழமையே அணைஞ்சிருக்கே. வயரு எப்படி அறுந்துச்சு?"

ஏ.இ. என்னைப் பாத்தாரு. நாச்சியப்பன் வாயைத் திறந்தாரு. அந்தம்மா அவரு கையைத் தொட்டு நிறுத்திட்டு, தானே பேசுச்சு.

"எலி கடிச்சிருக்கலாம் சார். வயரை நாங்க பைப்புக்குள்ள விட்டிருக்கணும். வெளிய தொங்கவிட்டது எங்க தப்பு. அடுத்த தடவை சரி பண்ணிக்கிறோம்."

எலி! எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை அண்ணாச்சி. கட்டிங் பிளேயர் வெட்டு எப்படி இருக்கும்? வாழைத்தண்டை அரிவாளால சீவுன மாதிரி சுத்தமா இருக்கும். எலிக் கடின்னா பிசிறு பிசிறா இருக்கும். ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியலை. இதுக்குப் பேரு டாக்டர்! தலைமுடி அளவுக்குப் பாலம் அசைஞ்சா கண்டுபிடிக்குமாம், வெட்டுன வயரைக் கையில எடுத்துப் பாத்துட்டு எலிங்குது. நானும் விடலை. "ஆமா சார், அந்தப் பக்கம் எலி ஜாஸ்தி"ன்னு சொல்லிட்டேன். ஆபீஸர் எழுதிக்கிட்டாரு. பாலம் நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்ததுக்காக எனக்கு ஒரு கண்டனக் கடுதாசி வந்துச்சு. அவ்வளவுதான். அதோட முடிஞ்சிருச்சு.

வெளிய வந்து வராண்டாவுல செருப்பைப் போட்டுக்கிட்டு இருக்கேன். அந்தம்மா பக்கத்துல வந்து நின்னுச்சு.

"சார், ரிட்டயர் ஆக இன்னும் எத்தனை மாசம் இருக்கு உங்களுக்கு?"

"எட்டு மாசம்."

"பிள்ளைங்க?"

"கடைசிப் பொண்ணு காலேஜ்ல படிக்குது."

"சரி சார். நல்லபடியா முடிங்க"ன்னுட்டு, பையைத் தோள்ல மாட்டிக்கிட்டுப் போயிருச்சு. ஒரு தடவை கூடத் திரும்பிப் பாக்கலை.

நான் எப்ப ரிட்டயர் ஆனா அதுக்கென்ன? என் பொண்ணு எங்க படிச்சா அதுக்கென்ன? பெரிய மனுசித்தனம்!

வீட்டுக்குப் போய் சம்சாரத்துக்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். வயரு வெட்டுனதையும் அன்னைக்குத்தான் சொன்னேன். எலிக் கதைக்கு அவ விழுந்து விழுந்து சிரிப்பான்னு நினைச்சு, அந்த இடத்தை நடிச்சே காமிச்சேன். அவ சிரிக்கலை. சோத்தைப் போட்டு, குழம்பை ஊத்தி, தண்ணிச் செம்பைப் பக்கத்துல வெச்சுட்டு எந்திரிச்சு உள்ள போயிட்டா. நான் தனியாத்தான் சாப்பிட்டேன். இன்னும் சரியாப் பேச மாட்டேங்குறா. எதுக்குன்னும் சொல்ல மாட்டேங்குறா.

நீங்களே சொல்லுங்க, வெட்டுன வயரைப் பாத்து எலிங்குறது சிரிக்கிற விசயமா இல்லையா?

என்ன அண்ணாச்சி, நீங்களும் சிரிக்க மாட்டேங்குறீங்க?